பச்சை விளக்கை நம்பலாமா?

ஆசிரியருக்கு,

வந்தே பாரத் ரயில்கள் 2022 நவம்பரில் சென்னை - மைசூரு தடத்திலும், 2023 ஏப்ரலில் சென்னை - கோவை தடத்திலும் ஓடத் தொடங்கியது முதல், தங்கள் ஊருக்கும் ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை பல இடங்களிலும் எழுகிறது. அது நியாயமானதே. ஆனால், அதே தண்டவாளத்தில் ஓடும் மற்ற ரயில்கள் எந்த சிக்னலை நம்பி ஓடுகின்றன என்று அதே ஆர்வத்துடன் கேட்பவர்கள் குறைவு.

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே பாஹாநாகா பஜார் நிலையத்தில், நேர்ப்பாதைக்குப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்க, ரயிலைத் தடம் மாற்றிவிடும் ‘பாயிண்ட்’, பக்கப் பாதையான ‘லூப் லைன்’ பக்கம் திரும்பியிருந்ததால், கோரமண்டல் விரைவு ரயில் அங்கு நின்றிருந்த சரக்கு ரயிலின் மீது மோதியது. சிக்னல் இணைப்புகளை மாற்றியபோது நேர்ந்த தவறுகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணையில் தெரியவந்தது.

ஓட்டுநர் சிவப்பு சிக்னலைக் கவனிக்காமல் போனால் தானாகவே பிரேக் போடும் ‘கவச்’ அமைப்பை எல்லாத் தடங்களிலும் விரைந்து பொருத்த வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. எனினும், பச்சை விளக்கே தவறாக எரிந்தால், கவச்சும் பெரும்பாலும் அதை நம்பியே ரயிலை அனுப்பும். ஆகவே, சிக்னல் அறைகளிலும் ரயில்வே கேட்டுகளிலும் பழுது பார்த்த பிறகு, முழுமையாகச் சோதித்துப் பார்க்காமல் எந்த ரயிலையும் அனுமதிக்கக் கூடாது என்பதை ரயில்வே நிர்வாகம் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்த வேண்டும். புதிய ரயிலுக்குக் கொடியசைக்கும் விழாக்களில், அந்தத் தடத்தில் எத்தனை கிலோமீட்டருக்கு கவச் பொருத்தப்பட்டுள்ளது என்பதையும் அறிவிக்கலாமே.

- ஒரு வாசகர், அரக்கோணம்.