இசை கேட்போர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒருவர் என்று தாவிக்கொண்டிருக்காமல், ஆண்டு முழுக்க ஒரே ராக் பாடகரை அவர் ஆல்பம் போட்ட வரிசையிலேயே கேட்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். பல பெயர்கள் அடிபட்டன. கடைசியில் கனடாக்காரரான நீல் யங் தேர்வானார். "மூக்கால் பாடுவாரே, அவரா?" என்று அன்றைக்கே ஒரு குரல் வந்தது. ஆமாம், அவரேதான்.

தொடக்க காலத்தை முதல் கூட்டத்திலேயே முடித்துவிட்டோம். 1945இல் டொரான்டோவில் பிறந்தார். ஆன்டாரியோவில் 1951இல் போலியோ பரவியபோது அவரையும் தாக்கியது, பிழைத்துக்கொண்டார். அப்பா ஸ்காட் யங் பேர்பெற்ற பத்திரிகையாளர். பெற்றோர் பிரிந்ததும் அம்மாவோடு வின்னிபெக்குக்குப் போய், பள்ளிக்கூட வயதிலேயே அங்கே இசைக்குழு நடத்தினார். 1966இல் ஒரு பழைய அமரர் ஊர்தியை ஓட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் போனார். சன்செட் பூலவார்டு நெரிசலில் ஆன்டாரியோ நம்பர் பிளேட்டோடு நின்ற அந்த வண்டியைப் பார்த்ததுமே, உள்ளே இருப்பது யார் என்று, அவரை முன்பே தெரிந்த பாடகர்களான ஸ்டீபன் ஸ்டில்ஸுக்கும் ரிச்சி ஃபியூரேக்கும் புரிந்துவிட்டது. பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு குழு அப்படித்தான் பிறந்தது.

கிரேஸி ஹார்ஸ் குழுவோடு அவர் 1969இல் போட்ட ஆல்பத்துக்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்கினோம். 'சின்னமன் கேர்ள்' பாட்டில் வரும் கிதார் தனி ஆவர்த்தனத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். ஏறக்குறைய ஒரே சுரம்தான். அதையே விடாமல் இழுத்து அடிக்கிறார், அதுவே போதுமானதாக இருக்கிறது. வேகமாக வாசிப்பவர்தான் பெரிய கிதார்காரர் என்று நம்பும் நம் இளைஞர் அணி அன்று கொஞ்சம் அடங்கியது. கறுப்பு வண்ணம் பூசிய 1953 லெஸ் பால் கிதார் அவர் கைக்கு வந்ததும் அந்த நாட்களில்தான். இன்றுவரை மின்கிதார் என்றால் அவருக்குப் பெரும்பாலும் அதுதான். (அன்றைய சத்தம் பற்றிப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த புகார் பேசித் தீர்க்கப்பட்டது.)

1970 மே 4 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். பத்திரிகையில் வந்த படங்களைப் பார்த்து அவர் எழுதிய 'ஓஹையோ' அந்த மாதமே பதிவாகி, ஜூனில் வெளிவந்துவிட்டது. கூட்டத்தில் அதைப் போட்ட பிறகு சற்று நேரம் விவாதம் ஆரம்பிக்கவே இல்லை.

அப்புறம் 'ஹார்வெஸ்ட்'. எதிர்பார்த்தபடியே அதற்குத்தான் அரங்கு நிறைந்தது. முதுகு வலியால் கனத்த மின்கிதாரைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாமல், உட்கார்ந்து சாதாரணக் கிதாரில் வாசித்த காலத்துப் பாட்டுகள் அதில் நிறைய. அமெரிக்காவில் 1972இல் மிக அதிகம் விற்ற ஆல்பம் அது. அவருடைய பாட்டுகளில் அங்கே முதலிடத்துக்குப் போனதும் அதிலுள்ள 'ஹார்ட் ஆஃப் கோல்டு' ஒன்றுதான். அந்த ஆல்பத்தை சக பாடகர் கிரஹாம் நாஷுக்குப் போட்டுக் காட்டிய கதையை நாஷே சொல்லியிருக்கிறார். யங்கின் பண்ணை ஏரியில் இருவரும் படகில் உட்கார்ந்திருக்க, ஒரு பக்கம் வீடே ஒரு ஸ்பீக்கராகவும் மறுபக்கம் கொட்டகையே இன்னொரு ஸ்பீக்கராகவும் பாடின. கரைக்கு வந்த தயாரிப்பாளர் சத்தம் எப்படி என்று கேட்க, "கொட்டகையைக் கூட்டு!" என்று படகிலிருந்து கத்தினாராம் யங்.

அதே பாணியில் இன்னும் நாலு ஆல்பம் போட்டிருந்தால் பிழைப்புக்குக் குறை இருந்திருக்காது. அவர் அதைச் செய்யவில்லை. 1972 நவம்பரில் கிரேஸி ஹார்ஸின் டேனி விட்டன் போதைப் பழக்கத்தால் இறந்தார். அடுத்த ஆண்டு மேடைப் பணியாளர் புரூஸ் பெர்ரியும் அப்படியே போனார். 'ஹார்வெஸ்ட்' பாட்டுகளைக் கேட்க வந்த கூட்டத்துக்கு முன்னால், 1973 சுற்றுப்பயணத்தில் யாரும் கேட்டிராத கரடுமுரடான பாட்டுகளைப் பாடினார். அந்த ஆண்டு பதிவான 'டுநைட்ஸ் தி நைட்' 1975இல்தான் வெளிவந்தது. குரல் பிசிறும், சுருதி விலகும், எதையும் திருத்தவில்லை. நம் கூட்டத்துக்கும் அந்த மாதங்களில் ஆள் குறைந்தது என்பதை வருகைப் பதிவேடு சொல்லும். வராதவர்களுக்குத்தான் நஷ்டம். இந்த ஆண்டின் மிகச் சிறந்த அமர்வு அதுதான் என்பது செயலாளரின் தனிப்பட்ட கருத்து, செயற்குழுவை அது கட்டுப்படுத்தாது.

எண்பதுகளைச் சுருக்கமாகவே கேட்டோம். பெருமூளை வாதத்தால் பேச முடியாத மகன் பென்னோடு பேசத் தவித்த நாட்களில், தன் குரலையே இயந்திரக் குரலாக மாற்றி 'டிரான்ஸ்' பாடினார். அதையும் அடுத்து வந்த ஐம்பதுகள் பாணி ஆல்பத்தையும் கேட்ட, அவற்றை வெளியிட்ட கெஃபன் நிறுவனம், நீல் யங் நீல் யங் மாதிரி பாடவில்லை என்று 33 லட்சம் டாலர் கேட்டு 1983இல் வழக்கே போட்டது! பிறகு வழக்கு வாபஸ் ஆனது, மன்னிப்பும் கேட்டார்கள். பென் போன்ற குழந்தைகளுக்காக அவருடைய அப்போதைய மனைவி பெகி மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய பிரிட்ஜ் பள்ளிக்கு 1986இல் ஆரம்பித்த நிதிக் கச்சேரிகள் 2016 வரை நடந்தன.

1989இல் 'ஃப்ரீடம்' வந்ததும் மறுபடி எழுந்தார். 1995இல் தன் பிள்ளை வயதுள்ள பேர்ல் ஜாம் குழுவோடு சேர்ந்து ஆல்பம் போட்டார். 2005இல் மூளை ரத்தக்குழாயில் வீக்கம் என்று தெரிந்த பிறகும், அறுவை சிகிச்சைக்கு முன்பே நாஷ்வில் போய்ப் பாட்டுகளைப் பதிவு செய்தார். இவ்வளவுக்கும் கிராமி விருது முதன்முதலில் கிடைத்தது 2010இல், அதுவும் ஆல்பப் பெட்டியின் வடிவமைப்புக்கு! பாட்டுக்கான கிராமி அடுத்த ஆண்டுதான் வந்தது.

2022இல் ஸ்பாட்டிஃபையிலிருந்து தன் பாட்டுகளை எடுத்ததும் 2024இல் திரும்ப விட்டதும் கடைசிக் கூட்டத்தில் சூடான விவாதமானது. இசைத்தட்டுக் கட்சிக்கும் செல்போன் கட்சிக்கும் இன்னும் சமரசம் ஆகவில்லை.

சரி, நிர்வாக விஷயம். டர்ன்டேபிள் ஊசி மாற்றப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் தேநீர் இடைவேளைக்குள் கட்டிவிட்டால், பெயர்களை வாசிக்கும் வேலை எனக்கு மிச்சம். அடுத்த ஆண்டுக்குப் பாடகி ஜோனி மிட்சலை எடுத்துக்கொள்ளலாம் என்ற செயற்குழுவின் பரிந்துரையை வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்