11 மாதம் காத்திருந்து வாங்கிய துப்பாக்கி உங்கள் கடையில் 37 நாள் கிடந்தது

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
ஓஹியோ.

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
துப்பாக்கி விற்பனை நிலையம்,
ஓஹியோ.

நாள்: 7 அக்டோபர் 2019

பொருள்: என் பெயருக்கு வந்துசேர்ந்த எம்1911ஏ1 கைத்துப்பாக்கியை வரவில்லை என்று சொன்னதும், என் அனுமதியின்றிப் பிரித்துக் கீறியதும், அதற்கு மேல் காப்புக் கட்டணம் வாங்கியதும் குறித்து.

ஐயா,

வணக்கம். செப்டம்பர் 26 அன்று உங்கள் கல்லாவின் முன் நின்று நான் பேசியது பாதியிலேயே நின்றுபோனது. எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். உங்கள் ஊழியர் காப்புக் கட்டணமாக 69 டாலர் என்று எழுதிய ரசீதை என் பக்கம் நகர்த்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். பணம் கட்டினால்தான் பெட்டி கைக்கு வரும் என்ற நிலையில் கட்டினேன். கட்டியதாலேயே அந்தத் தொகையை நான் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். இதை ஊழியர்களிடம் கொடுத்துவிடாமல் நீங்களே படிக்க வேண்டும்.

உங்கள் கடைக்கு வந்த பொட்டலம் என்ன என்பதை முதலில் சொல்ல வேண்டும். அது தெரிந்திருந்தால் உங்கள் ஆட்கள் இப்படி நடந்திருக்க மாட்டார்கள் என்று நம்ப விரும்புகிறேன்.

ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்தத் துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் மாதம் ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய சோதனையில் 6,000 குண்டுகள் சுட்டும் அது ஒருமுறைகூடச் சிக்கவில்லை. 1985-இல் பெரெட்டா எம்9 என்ற கைத்துப்பாக்கி வரும்வரை, எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக, அதுவே ராணுவத்தின் இடுப்பில் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கோல்ட் நிறுவனத்தால் மட்டும் தேவையை நிறைவேற்ற முடியவில்லை. தட்டச்சு இயந்திரம் செய்த ரெமிங்டன் ராண்ட், ரயில் சமிக்ஞைக் கருவிகள் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், வேட்டைத் துப்பாக்கி செய்த இத்தாக்கா என்று பலரும் இதைச் செய்தார்கள். தையல் இயந்திர நிறுவனமான சிங்கர் செய்தது 500 மட்டுமே. அவற்றில் ஒன்றைக் கண்ணால் பார்ப்பதையே சேகரிப்பாளர்கள் பேறாக நினைக்கிறோம். எனக்கு வந்தது அவ்வளவு அரியது அல்ல. அதன் உடலான சட்டம் (ஃபிரேம்) 1944-இல் சிராக்யூஸ் நகரத்து ரெமிங்டன் ராண்ட் ஆலையில் செய்யப்பட்டது. ராணுவ ஆய்வாளர் ஃபிராங்க் ஆட்வுட்டின் எஃப்.ஜே.ஏ. என்ற முதலெழுத்துகள் அதன் இடப்புறத்தில் பதிந்திருக்கின்றன. மேலே ஓடும் ஸ்லைடு கோல்ட் நிறுவனத்துடையது. போருக்குப் பிறகு ராணுவப் பணிமனைகளில் துப்பாக்கிகளைப் பிரித்துப் பழுதுபார்த்து, கிடைத்த பாகங்களைக் கலந்து பூட்டினார்கள். ஆகவே ஒரே துப்பாக்கியில் இரண்டு ஆலைகளின் கைவேலை. சிலர் இதைக் குறை என்பார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தக் கலப்புதான் அது உண்மையில் படைகளில் உழைத்தது என்பதற்குச் சாட்சி.

இதை நான் எந்தக் கடையிலும் காசு கொடுத்து அன்றே வாங்கவில்லை. ராணுவக் கிடங்கில் பல்லாண்டு கிடந்த உபரித் துப்பாக்கிகளில் 8,000 மட்டும் 2018-இல் அலபாமாவின் அனிஸ்டனில் உள்ள சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் அமைப்புக்கு விற்பனைக்காக வந்தன. செப்டம்பர் 4 முதல் அக்டோபர் 4 வரை, தபால் மூலம் மட்டும் விண்ணப்பம். ஓர் ஆளுக்கு ஒன்று. குடியுரிமைச் சான்று, துப்பாக்கிச் சங்க உறுப்பினர் சான்று, குறிபார்த்துச் சுடும் பயிற்சியில் கலந்துகொண்டதற்கான சான்று எல்லாம் இணைக்க வேண்டும். எனக்கு அதில் சிரமம் இல்லை. ஏரி ஓரத்தில் இருக்கும் கேம்ப் பெர்ரி திடலில் பல கோடைகள் சுட்டிருக்கிறேன். வந்த உறைகள் 8,000-இன் இரண்டு மடங்குக்கும் மேல். முந்தி வந்தவர் பிந்தி வந்தவர் என்ற பேச்சே இல்லாமல், கணினியில் குலுக்கி ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அந்த வரிசைப்படி அழைத்தார்கள். என் எண் ஐயாயிரத்தைத் தாண்டியது. பல மாதம் காத்திருக்க நேரும் என்பது அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால் மனம் அமைதியாக இருந்தது.

அழைப்பு இந்த ஆண்டு ஆகஸ்டில் வந்தது. மூன்று தரங்களுக்கு 1,050, 950, 850 டாலர் என்று விலை. நடுத்தரத்தில் ஒன்று இருக்கிறது என்றார்கள். 950 டாலர் கொடுத்தேன்.

இதில் நீங்கள் எங்கே வருகிறீர்கள்? அந்த அமைப்பு இந்தக் கைத்துப்பாக்கியை வாங்குபவரின் வீட்டுக்கு அனுப்பாது. என்னைப் போன்ற சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் 03 வகை உரிமத்துக்கும் அனுப்பாது. விற்பனையாளர் உரிமம் பெற்ற ஒரு கடைக்கே அனுப்பும். அங்கே துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய கூட்டாட்சிப் படிவம் 4473-ஐ நிரப்பி, பின்னணிச் சோதனை இன்னொரு முறை முடித்துப் பெற்றுக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்துடன் இணைக்க உங்கள் உரிமத்தின் நகலை நீங்களே கையெழுத்திட்டுத் தந்தீர்கள். கைமாற்றுக் கட்டணம் 30 டாலர், பொருள் வந்ததும் தொலைபேசியில் தெரிவிப்போம், தெரிவித்த பிறகு 14 நாள் இலவசம், அதற்கு மேல் நாளொன்றுக்கு 3 டாலர் என்று அச்சிட்ட தாளையும் தந்தீர்கள். அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

பொட்டலம் ஆகஸ்ட் 20 அன்று உங்கள் கடைக்கு வந்து, உங்கள் ஆள் கையெழுத்திட்டு வாங்கியிருக்கிறார். யாரும் என்னை அழைக்கவில்லை. ஆகஸ்ட் 23, 30, செப்டம்பர் 6, 17 என்று நான்கு முறை நானே அழைத்தேன். நான்கு முறையும் "இன்னும் வரவில்லை" என்பதே பதில். செப்டம்பர் 6 அன்று பேசியவர், அரசாங்கச் சரக்கு மெதுவாகத்தான் வரும், பொறுமையாக இருங்கள் என்று எனக்கு அறிவுரையும் சொன்னார். ஒரு விஷயத்தில் என் தவறும் உண்டு: அனுப்பியவர்கள் கண்காணிப்பு எண்ணை மின்னஞ்சலில் தந்திருந்தார்கள், அது வேண்டாத அஞ்சல்களோடு சேர்ந்து கிடந்ததை செப்டம்பர் 25 இரவுதான் கண்டேன். ஆனால் நான் மின்னஞ்சலைப் பார்க்கவில்லை என்பதற்காக உங்கள் அலமாரியில் இருக்கும் பொருள் இல்லாமல் போய்விடுமா? நான்கு முறையும் எழுந்து போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மறுநாள் கண்காணிப்பு விவரத்தை அச்சிட்டு எடுத்து வந்து நின்றபோது கால் மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார்களே.

இந்த நாட்களுக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். என் தந்தைக்கு வயது 71. அரிசோனாவில் இருக்கிறார். 1968-இல் வியட்நாமில் லாங் பின் முகாமில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தவர். அவருக்குக் கொடுக்கப்பட்ட ஆயுதம் இந்த வகைத் துப்பாக்கிதான். அந்த ஓராண்டைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. பேசிய சிறிதளவிலும் பாதி இந்தத் துப்பாக்கியைப் பற்றியது: மழைக்காலத்தில் ஒவ்வொரு மாலையும் அதைத் துடைத்து எண்ணெய் பூசியது, கடைசி நாளில் கிடங்குச் சாளரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேரேட்டில் கையெழுத்திட்டது, இடுப்பில் அந்தக் கனம் இல்லாமல் நடக்கச் சில நாள் பிடிபடாமல் இருந்தது. நான் விண்ணப்பம் அனுப்பிய நாளிலிருந்து அவரும் காத்திருந்தார். வாரந்தோறும் தொலைபேசியில் முதல் கேள்வி, எண் எதுவரை வந்திருக்கிறது என்பதுதான்.

அவர் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 15 வரை என் வீட்டில் தங்கியிருந்தார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தார் என்றாலும், அந்தத் தேதிகளைத் தேர்ந்ததற்குக் காரணம் இதுதான். தினமும் கேட்டார். நான் உங்கள் பதிலை அப்படியே அவரிடம் சொன்னேன். கிளம்பும் காலையில், "அடுத்த முறை பார்ப்போம்" என்று என் தோளைத் தட்டிவிட்டு விமான நிலையத்துக்குள் போனார். அந்தப் பதினெட்டு நாளும் துப்பாக்கி என் வீட்டிலிருந்து பதினொரு மைல் தூரத்தில், உங்கள் பின்னறையில் இருந்திருக்கிறது. அவரிடம் நான் பொய் சொன்னவனாகிவிட்டேன். சொல்ல வைத்தது உங்கள் கடை.

இனி கீறல். பெட்டியைத் திறந்ததும் அதுதான் கண்ணில் பட்டது. சட்டத்தின் இடப்புறத்தில், ஸ்லைடைத் தடுக்கும் நெம்புகோலுக்குக் கீழே, பிறை வடிவில் வெள்ளையாக ஒரு கோடு. இந்தத் துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த எவருக்கும் அது எப்படி விழும் என்பது தெரியும். நெம்புகோலின் ஊசியைத் துளையில் செருகிய பிறகு, சுருள்வில்லால் தள்ளப்பட்டு நிற்கும் சிறு முளைக்கு மேலே அதன் வாலை நேராக அழுத்தி ஏற்ற வேண்டும். அப்படிச் செய்யாமல், கீழிருந்து மேலே இழுத்து வளைத்துத் தள்ளினால் நுனி உலோகத்தில் உரசி வளைகோடு போடும். சேகரிப்பாளர்கள் அதை முட்டாள் கீறல் என்றே சொல்வார்கள். உங்கள் ஊழியரை இழிவுபடுத்த இதை எழுதவில்லை. தொழிலில் அதற்கு அதுதான் பெயர்.

நான் கேட்டபோது அவர் முதலில் மறுத்தார். பிறகு, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கத் திறந்ததாகவும், கடைக்கு வந்த இரண்டு மூன்று பேருக்குக் காட்டியதாகவும் ஒப்புக்கொண்டார். விசையை வெறுமனே இழுத்துப் பார்த்தார்களாம். பிறகு அவர் சொன்ன வாக்கியம் என் காதில் இன்னும் இருக்கிறது: "ஏற்கெனவே அடிபட்ட பழைய சாமான்தானே, ஒரு கோடு கூடினால் என்ன?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், அதில் ஏற்கெனவே கீறல்கள் இருக்கின்றன. உறையில் நுழைத்து எடுத்து முனை தேய்ந்திருக்கிறது. பிடியின் பழுப்பு நிறப் பிளாஸ்டிக்கில் ஒரு சிறு சில்லு பெயர்ந்திருக்கிறது. பச்சை கலந்த சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சு ஓரங்களில் கரைந்திருக்கிறது. அந்த ஒவ்வொன்றும் அதைச் சுமந்த ஒரு படைவீரனுடையது அல்லது அதைப் பழுதுபார்த்த ஒரு பணிமனைத் தொழிலாளியுடையது. யார் என்று தெரியாது. ஆனால் அவர்கள் தம் வேலையைச் செய்யும்போது விழுந்த தழும்புகள். அவற்றுக்காகத்தான் 950 டாலர் கொடுத்தேன்; புதிதாகப் பளபளப்பது வேண்டுமென்றால் உங்கள் கண்ணாடிப் பெட்டியிலேயே வாங்கியிருப்பேன். பழைய கீறல்கள் எல்லாம் மங்கி, பூச்சோடு ஒன்றிப்போய்விட்டன. உங்கள் கடையில் விழுந்தது மட்டும் வெற்று எஃகாக மின்னுகிறது. 75 ஆண்டு வரலாற்றில், வேடிக்கை பார்க்கக் கையில் எடுத்த ஒருவர் தன் கோட்டைச் சேர்த்துவிட்டார். அதை அழிக்க வழியில்லை. பூச்சு போட்டு மறைத்தால் மீதி மதிப்பும் போய்விடும்.

பின்னணிச் சோதனை சில நிமிடங்களில் முடிந்தது. அதில் எந்தக் குறையும் இல்லை.

கட்டணத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 20 முதல் செப்டம்பர் 26 வரை 37 நாள், இலவச நாள் 14 போக 23 நாள், நாளொன்றுக்கு 3 டாலர், மொத்தம் 69. கணக்கு சரி. ஆனால் உங்கள் தாளில் உள்ளபடி, எனக்குத் தெரிவித்த நாளிலிருந்துதான் அந்த 14 நாள் தொடங்க வேண்டும். நீங்கள் தெரிவிக்கவே இல்லை. வரவில்லை என்று என்னிடம் சொன்ன அதே நாட்களுக்கு, வைத்திருந்ததற்காக என்னிடம் வாடகை வாங்கியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. உரிமம் பெற்ற கடை, கைக்கு வந்த துப்பாக்கியை அடுத்த வேலைநாள் முடிவதற்குள் தன் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. ஆகஸ்ட் 21-க்குள் எழுதப்பட்டிருந்தால், நான்கு தொலைபேசி அழைப்புகளிலும் உங்கள் ஆட்கள் அந்த ஏட்டைத் திறக்காமலே பதில் சொன்னார்கள் என்று பொருள். எழுதப்படவில்லை என்றால் அது என்னோடு முடிகிற விஷயம் அல்ல. எது என்பதை நான் அறிய வேண்டும்.

ஆகவே 69 டாலரையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். துப்பாக்கி எந்தத் தேதியில் பதிவேட்டில் ஏறியது, யார் பிரித்தார், என்று பிரித்தார் என்பதை உங்கள் கையெழுத்தோடு எழுதித் தர வேண்டும். அந்தத் தாள் துப்பாக்கியோடு என் பெட்டியில் இருக்கும். எனக்குப் பின் அதை வைத்திருப்பவர், அந்தக் கோடு ராணுவத்தில் விழுந்ததல்ல என்று அறிய வேண்டும். மதிப்புக் குறைவுக்கு, நாம் இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு மதிப்பீட்டாளர் சொல்லும் தொகையைத் தர வேண்டும். பிறர் பொருளாக வரும் துப்பாக்கியை ஊழியர்கள் பிரிக்கக் கூடாது என்று கடையில் எழுதி ஒட்டுங்கள். குலுக்கலில் எண் பெற்ற மேலும் பல ஆயிரம் பேர் இதே வரிசையில் காத்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் உங்கள் உரிமத்தின் நகலைத்தான் இணைத்திருப்பார்கள்.

அந்த ஊழியரை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இளைஞர், அவருக்குச் சொல்லித்தர யாரும் இல்லை என்றே தோன்றியது. நெம்புகோலை எப்படி ஏற்றுவது என்பதை நானே வந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.

அக்டோபர் 31-க்குள் எழுத்து மூலம் பதில் வர வேண்டும். வராவிட்டால் பதிவேட்டு விவகாரத்தை, துப்பாக்கிக் கடைகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப். அலுவலகத்துக்கும், கட்டண விவகாரத்தைச் சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்துக்கும் கொண்டுபோவேன். நான்கு அழைப்புகளின் பதிவு, உங்கள் அச்சுத் தாள், பொட்டலம் ஒப்படைக்கப்பட்ட சான்று, கீறலின் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

என் தந்தை நன்றி நாள் விடுமுறைக்கு மீண்டும் வர டிக்கெட் எடுத்திருக்கிறார். அவர் கையில் அதைக் கொடுக்கும்போது அந்த வெள்ளைக் கோடு எது என்று கேட்பார். உங்கள் கடிதத்தை அவரிடம் காட்ட விரும்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்