செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கை மின்னஞ்சலில் போகும்.

பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, கோடைச் சிற்றுலா, தீபாவளி விருந்து ஆகியவை வழக்கம்போல் இனிதே நடந்தேறின.

இவ்வாண்டு செயலாளரின் முயற்சியால், நாம் குடியிருக்கும் வர்ஜீனியாவின் அடிமை முறை வரலாறு பற்றி உரைகளும் ஒரு பேருந்துப் பயணமும் நடந்தன. “தமிழ்ச் சங்கத்துக்கு இது எதுக்கு?” என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். பதில் இதோ: 17-ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவுக்கு ஆள் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர் நிலம் என்பது அன்றைய ஏற்பாடு. 1635-இல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் அப்படி நிலம் பெறக் காட்டிய பட்டியலில் ‘டோனி, கிழக்கிந்தியர்’ என்றொரு பெயர் இருக்கிறது. சொந்த ஊர் எது, பெற்றோர் இட்ட பெயர் என்ன, எதுவும் அதில் இல்லை. இந்தியர்கள் இங்கே கணினியோடுதான் வந்து இறங்கினார்கள் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

1619 ஆகஸ்டில் ‘ஒயிட் லயன்’ கப்பல் அங்கோலா மக்கள் இருபது பேருக்குச் சற்று மேல் இறக்கி, உணவுப்பொருளுக்கு மாற்றிக்கொண்ட பாயிண்ட் கம்ஃபர்ட் கரையில்தான் பேருந்துப் பயணத்தன்று உரை. அப்போது அடிமைச் சட்டமே எழுதப்படவில்லை. 1640-இல் மூன்று ஊழியர்கள் எஜமானிடமிருந்து ஓடிப்போய் மேரிலாந்தில் பிடிபட்டார்கள். மூவருக்கும் கசையடி. டச்சுக்காரருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் மேற்கொண்டு 4 ஆண்டு ஊழியம். கறுப்பரான ஜான் பஞ்சுக்கு மட்டும் ஆயுள் முழுக்க. 1662-இல், பிள்ளைக்குத் தாயின் நிலைதான் என்று சட்டம் வந்தது; எஜமானே தகப்பனானாலும் அடிமைத் தாயின் பிள்ளை அடிமை. ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலையில்லை என்று 1667-இல் இன்னொன்று.

இதைக் கேட்கப் பேருந்தில் பாதி ஆள்கூட வரவில்லை. பெயர் கொடுத்த பலர் அன்று காலை வாட்ஸாப்பில் “பிள்ளைக்குக் காய்ச்சல்” என்றார்கள். மாலையில் அதே பிள்ளைகள் பிறந்தநாள் கேக் முன் நிற்கும் படங்கள் அதே குழுவில் வந்தன.

வரவும் செலவும் ஏறத்தாழ நேர்; விவரம் பொருளாளரிடம். பேருந்து வாடகையில் விழுந்த துண்டைப் பெயர் சொல்ல விரும்பாத இருவர் ஈடுகட்டினர். அதில் ஒருவர் செயலாளர். சந்தா பாக்கிப் பட்டியலை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. கையில் இருக்கிறது.

சமையல் குழுவுக்கும், ஒலிபெருக்கி, நாற்காலி தந்து உதவியவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ரிச்மண்டில் அடிமைச் சந்தை நடந்த ஷாக்கோ பாட்டம் போக எண்ணம். முன்பணம் கட்டினால்தான் இருக்கை. செயலாளர் பொறுப்புக்கு இளைஞர் யாரேனும் முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கத் தயார். வராவிட்டால், மாதக் கடைசிக்குள் சந்தா வந்து சேரும் அழகைப் பார்த்து, நானே தொடர்வது பற்றி யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்