கேஷ் வேறு, காசு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் சரி. ஆனால் முதல் சொல்லாகவே 'காசுதான் கேஷ் ஆனது' என்று போட்டுவிட்டீர்களே, அது தவறு. வாட்ஸ்அப்பில் இது ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. பத்திரிகையிலேயே வந்துவிட்டால் பள்ளிப் பிள்ளைகள் கட்டுரைப் போட்டியில் எழுதிவிடுவார்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

ரொக்கம் என்று நாம் சொல்லும் கேஷ் ஒரு பெட்டியிலிருந்து வந்தது. லத்தீனில் காப்சா என்றால் பெட்டி. இத்தாலியில் அது காஸ்ஸா ஆகி, பிரெஞ்சிலும் பணப்பெட்டிக்குப் பெயராகி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஆரம்பத்தில் பெட்டியும் கேஷ்தான், உள்ளே இருந்த பணமும் கேஷ்தான். போகப்போகப் பெட்டி போய்ப் பணம் மட்டும் நின்றது. கேஷியர், கேசட், கேப்சூல் எல்லாமே அந்தப் பெட்டியின் வாரிசுகள். நம் ஓட்டல்களில் 'கேஷில் யார் உட்கார்ந்திருக்கிறார்' என்று கேட்கும்போது நாம் கல்லாவைத்தான் சொல்கிறோம், அந்தப் பழைய பொருளுக்கு வெகு பக்கத்தில் இருக்கிறோம். ஷேக்ஸ்பியர் 1599 வாக்கில் எழுதிய 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்திலேயே ஒருவன் கடனைக் கேஷாகத் தருகிறேன் என்கிறான். கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்ததே 1600 டிசம்பர் 31இல், அவர்கள் சென்னைக்கு வந்தது 1639இல். ஆக, கம்பெனி இங்கே வருவதற்கு முன்பே கேஷ் ஆங்கிலத்தில் இருந்தது.

சரி, அப்படியானால் காசு ஆங்கிலத்துக்குப் போகவே இல்லையா? போனது. அதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம். நம் சில்லறை நாணயத்தைப் போர்த்துகீசியர் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி 'கைஷா' என்றார்கள், அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர், குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அவர்களிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர் அதையும் கேஷ் என்றே எழுதினார்கள். ஆக, எழுத்து ஒன்று, சொல் இரண்டு. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசுக்கு ஆங்கிலத்தில் கேஷ் என்று பெயர் வந்ததும் இந்த இரண்டாவது சொல்லால்தான், அதாவது நம்முடைய சொல்லால்.

சென்னையில் கம்பெனிக் கணக்கு 80 காசு ஒரு பணம் (சிறு வெள்ளி நாணயம்), 42 பணம் ஒரு வராகன் (பொன் நாணயம்) என்று ஓடியது. 1803இல் பர்மிங்காம் பக்கத்து சோஹோ நாணயச்சாலையில் இதற்காகவே செப்புக்காசு அடித்து அனுப்பினார்கள். என்னிடம் ஒரு இருபது காசு இருக்கிறது, விளிம்பு கொஞ்சம் தேய்ந்தது. ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் தாங்கிய கம்பெனிச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில் 'இருபது காஸ் என்பது நான்கு ஃபுலூஸ் (செப்பு நாணயம்)', அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ். பாரசீகத்திலும் நம் காசுதான்! 1808இல் அடித்த காசுகளை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் அவற்றை லட்சக்கணக்கில் கடலிலிருந்து எடுத்தார்கள், இன்றும் நாணய வியாபாரிகளிடம் கிடைக்கின்றன.

காசின் பழமையைக் காட்ட கேஷ் தேவையே இல்லை. குறுந்தொகை 67இல் அள்ளூர் நன்முல்லையார், கிளி தன் வளைந்த அலகில் பிடித்த வேப்பம்பழத்தைப் பொன் நகையின் 'ஒரு காசு' என்கிறார். நகம் வளர்த்த பொற்கொல்லர் அதைப் புது நூலில் கோக்கப் பிடித்திருப்பதுபோல இருக்கிறதாம். வெண்பாவின் ஈற்றடிக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு சொல்லும்போதும் இதே காசுதான்.

ஆகவே அடுத்த ஞாயிறே ஒரு திருத்தம் போடுங்கள், மூலையில் இரண்டு வரியாக வேண்டாம், பட்டியல் வந்த அதே இடத்தில் போடுங்கள். கூடவே கம்பெனிக் காசின் இரண்டு பக்கத்தையும் பெரிதாகப் படம் போட முடிந்தால் நல்லது. என்னுடையதைப் படம் எடுத்து அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
பழைய நாணயம் சேர்க்கும் வாசகர்,
கும்பகோணம்