அக்குள் வியர்வை அழுக்கின் அடையாளம் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த கோடைக்கால உடல்நலக் கட்டுரை, நீர்க்கடுப்பு, வேர்க்குரு, அம்மை என ஒவ்வொன்றையும் விரிவாகச் சொல்லிவிட்டு, அக்குள் வியர்வைக்கு மட்டும் ‘நாளுக்கு இரண்டு முறை குளித்தால் போதும்’ என்ற ஒரே வரியோடு நின்றுவிட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தொல்லையோடு வகுப்பறையில் நிற்கும் ஓர் ஆசிரியை என்ற முறையில், அந்த வரி எத்தனை பேரைத் தலைகுனிய வைக்கும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தினால், ரவிக்கையின் கக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படர்ந்திருக்கும். மாலையில் அது காய்ந்து, ஓரத்தில் வெள்ளையாக உப்புக்கோடு விட்டிருக்கும். எங்கள் வேலூர் வெயிலைக் காரணம் சொல்லவும் வழியில்லை, மார்கழிக் காலையிலும் இதே கதைதான். பலகையின் மேல்பாதியில் எழுதுவதையே சில ஆண்டுகள் தவிர்த்தேன். பின்வரிசைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரமப்படுவது தெரிந்தும் தவிர்த்தேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. அந்நாட்களில் நான் நாளுக்கு மூன்று முறை குளித்துக்கொண்டிருந்தேன்.

வியர்வைச் சுரப்பிகள் நரம்புகளின் ஏவலில் இயங்குபவை. சிலருக்கு அந்த ஏவல் தேவைக்கு மேல் வந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கி, இரண்டு அக்குளிலும் ஒன்றுபோல் சுரக்கிறது, பல குடும்பங்களில் வழிவழியாகவும் வருகிறது. என் தாயாருக்கும் இருந்தது. சுரக்கும்போது வியர்வைக்குப் பெரிதாக வாடை கிடையாது. தோலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை எழுகிறது. குளியல் அந்த வாடையைக் குறைக்குமே தவிர, சுரப்பைக் குறைக்காது.

எனக்கு உண்மையான மாற்றத்தைத் தந்தது, ஒரு தோல் மருத்துவர் சொன்ன சிறு விவரம். டியோடரண்ட் வாடையை மட்டும் மறைப்பது. வியர்வையையே தடுப்பது அலுமினிய உப்பு கலந்த ஆன்டிபெர்ஸ்பிரண்ட். அதை நான் காலையில் குளித்த கையோடு, ஈரம் முழுக்கக் காயாத தோலில் பூசிவிட்டு ஓடிக்கொண்டிருந்தேன். இரவில் சுரப்பு அடங்கியிருக்கும். படுக்கப்போகும் முன் அக்குளை நன்றாகத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் சில நிமிடம் உலரவிட்டுப் பூசினால்தான் அந்த உப்பு வியர்வைக் குழாயின் வாயில் படிந்து அடைக்கும். காலையில் கழுவிவிடலாம் என்றார் அவர். ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. இப்போது வாரம் இரண்டு இரவுகளே போதுமானதாக இருக்கிறது. முடி மழித்த அன்று மட்டும் பூசக்கூடாது, எரியும். அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று மழித்த தோலில் எலுமிச்சை மூடியைத் தேய்த்து, இரண்டு நாள் கையை உடம்போடு ஒட்ட முடியாமல் தவித்தவள் நான். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலியஸ்டர் கலந்த ரவிக்கையை விட்டுப் பருத்திக்கு மாறினேன், கக்கத்தை அரை அங்குலம் தளர்த்தித் தைக்கச் சொன்னேன், உட்புறம் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து ஊசி குத்தி வைத்து, மதிய இடைவேளையில் மாற்றிக்கொள்கிறேன். வியர்க்கும் நேரங்களை ஒரு நோட்டில் குறித்துவந்தபோது, பதினொரு மணிக் காபிக்குப் பிறகுதான் அதிகம் என்று தெரிந்தது. நான்கு தம்ளரை இரண்டாக்கினேன். காரக்குழம்பை இரவுக்குத் தள்ளினேன். வியர்த்துவிடுமோ என்ற பதற்றமே மேலும் வியர்க்க வைக்கும் என்பதால், வகுப்புக்குள் நுழையும் முன் நிதானமாகப் பத்து மூச்சு விடுகிறேன். தண்ணீரைக் குறைத்தால் வியர்வை குறையும் என்று எண்ணிச் செய்தது மட்டும் பெரும் பிழை, தலைவலியும் சோர்வும்தான் மிஞ்சின.

எல்லா வியர்வையும் இவ்வாறு சமாளிக்கக்கூடியது அன்று. தூக்கத்தில் படுக்கை நனையும்படி வியர்ப்பது, அதோடு காய்ச்சலோ எடை குறைவோ சேர்வது, நடுவயதில் திடீரெனத் தொடங்குவது ஆகியவை காசநோய், தைராய்டு போன்ற வேறு நோய்களின் அறிகுறியாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்குக் கைநடுக்கத்தோடு குப்பென்று வியர்த்தால், சர்க்கரை இறங்கியிருக்கக்கூடும் என்று உடனே கவனிக்க வேண்டும். அன்றாட மாற்றங்களால் தீராதவர்களுக்கு ஊசி மருந்து உட்பட வேறு சிகிச்சைகளும் உள்ளன.

பள்ளி நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். சேலைக்கு மேல் ஆசிரியைகள் அணியும் கோட்டையும், மாணவியர் சுடிதாருக்கு மேல் அணியும் கோட்டையும் மார்ச் முதல் ஜூன் வரையிலாவது பருத்தித் துணியில் அனுமதியுங்கள். நான் முன்பு பணியாற்றிய பள்ளியில் கேட்டபோது, ‘சீருடையின் மிடுக்குக் கெட்டுவிடும்’ என்று மறுத்துவிட்டார்கள். கடைசிப் பெஞ்சில் கையை உடம்போடு இறுக்கிக்கொண்டு, பதில் தெரிந்தும் கை தூக்காமல் அமர்ந்திருக்கும் எட்டாம் வகுப்புப் பெண்ணை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
வேலூர்.