உன் ரெண்டாவது சாப்டர் படிச்சேன் கண்ணு

கண்ணு,

நல்லா இருக்கியா? இங்க மூணு நாளா விடாத சாரல், துணி ஒண்ணும் காயல, அம்மா அடுப்புக்கு மேல கயிறு கட்டி போட்டிருக்கா. நீ அனுப்பின சாப்டரை பிரின்ட் எடுத்து ரெண்டு தடவை படிச்சேன், போன்ல படிச்சா எனக்கு ஏறாது. நம்ம மலையில இருக்கற சோலைக்காட்டை பத்தி இங்கிலீஷ்ல இவ்வளவு எழுதியிருக்கான்னு பெரியம்மாகிட்ட கூட சொன்னேன்.

ஒண்ணே ஒண்ணு. முதல் பக்கத்துல 'டீப்லி காம்ப்ளெக்ஸ்', அடுத்த பாராவுல 'ஹைலி காம்ப்ளிகேட்டட்', அப்புறம் 'இன்ட்ரிகேட்'. சொன்ன வார்த்தையே திரும்ப வரக்கூடாதுன்னு மாத்தி மாத்தி போட்டிருக்க. மூணும் ஒண்ணு இல்ல. குன்னூர் ஷெட்ல மலை ரயில் எஞ்சினை பார்ட் பார்ட்டா கழட்டி வெச்சிருந்தாங்களே, என் தோள்ல உக்காந்து பாத்தியே, அது காம்ப்ளிகேட்டட். ஏகப்பட்ட சாமான், ஆனா வேலை தெரிஞ்சவன் திருப்பி மாட்டினா கல்லார்லேர்ந்து பல் தண்டவாளத்தை கவ்விக்கிட்டு மேல வந்துடும். சோலை அப்படியா? சோலையை ஒட்டின புல்வெளியில பரவின சீகை மரத்தை, அதான் வாட்டில், வெட்டிட்டா மட்டும் பழைய புல்வெளி வந்துடுதா, மண்ணுக்குள்ள கெடக்கற சீகை விதை வருஷக்கணக்கா காத்திருந்து மறுபடி முளைக்குது, அது காம்ப்ளெக்ஸ். இன்ட்ரிகேட்னா உன் கல்யாணத்துக்கு வந்த தோடர் சால்வை, துணியில கோடு கூட போடாம இழையை எண்ணி எண்ணி சிவப்பும் கருப்பும் ஏத்தியிருப்பாங்க.

'டீப்லி'யை எடுத்துடு. ஆழம்னு எழுதினா ஆழம் வராது. கோடையிலயும் ஓடையில தண்ணி ஏன் நிக்கலன்னு எழுது, பாசி, மக்கின இலை, வேர், பக்கத்து புல்லு எல்லாம் எப்படி மழையை புடிச்சு வெச்சு கொஞ்சம் கொஞ்சமா விடுதுன்னு எழுது, படிக்கறவனுக்கு தானா புரியும். நேரத்துக்கு சாப்பிடு. லத்தீன்ல காம்ப்ளெக்ஸுக்கு வேர் பின்னித் தழுவறது, காம்ப்ளிகேட்டடுக்கு சேத்து மடிக்கறது. மடிச்சது எத்தனை மடிப்பா இருந்தாலும் பிரிக்கலாம்.

மாப்பிள்ளை ஏன் வீடியோ கால்ல வரதில்லன்னு அம்மா கேட்டதுக்கு 'இட்ஸ் காம்ப்ளிகேட்டட்'னு ஒரு வரி போட்ட. அதுக்கப்புறம் 11 நாளாச்சு. இவ்வளவு படிச்ச பொண்ணு பெத்தவங்களுக்கு ஒரு போன் போட முடியாதா? அவர் நம்பருக்கும் அடிச்சேன், எடுக்கல. ராத்திரி நேரத்துக்கு சாப்பிடறியா இல்லையான்னு கூட தெரியல.

போன வாரம் உன் தகரப் பெட்டியை ஒதுங்க வெச்சேன். அடியில நீ ஒம்போதாவதுல ஹாஸ்டல்லேர்ந்து எனக்கு எழுதின லெட்டர். 'ஐ ஆம் வெரி வெரி சேட் ஹியர் அப்பா'ன்னு எழுதியிருக்க. நான் அந்த ரெண்டு 'வெரி'யையும் சிவப்பு மையில சுழிச்சு, பக்கத்துல 'மிசரபிள்'னு எழுதி, உனக்கே திருப்பி அனுப்பியிருக்கேன். ஏன் அழறன்னு ஒரு வார்த்தை கேக்கல. பஸ் ஏறி வந்தும் பாக்கல. 30 வருஷம் அடுத்தவங்க புள்ளைங்க நோட்டை திருத்தின கை, என் புள்ளை லெட்டரையும் நோட்டாத்தான் பாத்திருக்கு. அதை நீ தூக்கிப் போடாம மடிச்சு வெச்சிருக்க பாரு, அதை கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் கட்டில்லயே உக்காந்திருந்தேன். அம்மாகிட்ட இன்னும் காட்டல.

சாப்டர் இருக்கட்டும் கண்ணு, அது ஓடிப்போகாது. அங்க என்ன நடக்குதுன்னு எழுது. தமிழும் இங்கிலீஷும் கலந்து, பாதியில விட்டு, எப்படி வருதோ அப்படி எழுது, நான் பேனா எடுக்க மாட்டேன். எழுத வரலன்னா எத்தனை மணியானாலும் போன் போடு, தலைமாட்லயே வெச்சிருக்கேன். கெளம்பி வரணும்னு தோணினா டிக்கெட் போட்டுடு, பணம் இருக்கு, காரணம் ஒண்ணும் சொல்ல வேண்டாம், கோயம்புத்தூருக்கு நானே வந்து நிக்கறேன்.

அப்பா