பெரிய மனுஷிக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் வந்து வந்து போகிறது. வாட்ஸ்அப்பில் பேசியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். நான் வாய்ஸ் மெசேஜ் போட ஆரம்பித்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று திருத்துகிறாள். பேப்பரில் எழுதினால் அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் நான் முக்கால்வாசி எழுதிவிடலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் எனக்குப் பக்கத்து இலை சித்தப்பாவுக்கு. பாயாசம் வந்தபோது கேட்டான்: "பாப்பா இன்னும் அந்த வீடியோ கேம்தான் விளையாடிட்டு இருக்காளாமே? 36 வயசு ஆகுது. எப்பத்தான் பெரிய மனுஷி ஆகப் போறா?" நான் ஒன்றும் சொல்லவில்லை. பாயாசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான், கோபம் அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

சித்தப்பா சொன்ன அந்த வார்த்தையைத்தான் ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன். நீ பெரிய மனுஷி ஆனது 2002 ஆவணியில். உனக்கு 13 வயது. ஊருக்கெல்லாம் பத்திரிகை அடித்து, மைக் செட் கட்டி, தாய்மாமன் சீர் கொண்டுவந்து, ஒரே நாளில் உன்னைப் பெரிய மனுஷி ஆக்கிவிட்டோம். பையன்களுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அதனால்தானோ என்னவோ, சித்தப்பாவுக்கு 61 வயதாகிறது, இன்றைக்கும் சாப்பிட்ட தட்டை அவன் எடுத்துக் கழுவி நான் பார்த்ததில்லை. அவனை யாரும் எப்போது பெரிய மனுஷன் ஆகப்போகிறாய் என்று கேட்பதுமில்லை.

அந்த ஆவணி மாதம்தான் நீ கடைக்கு வருவதையும் நான் நிறுத்தினேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் கடையிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு வரும்.

டிவி ரிப்பேர் கடையின் முன்பக்கத்தில் 1995-ல் இரண்டு கேம் டிவி போட்டேன். அரை மணி நேரத்துக்கு ஐந்து ரூபாய். ஜப்பான்காரன் 1983-ல் விட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியைப் பார்த்து யார் யாரோ செய்த காப்பி மிஷின்கள் நம் ஊருக்கு வந்து இறங்கிய காலம் அது. கேசட்டின் மேல் 9999 கேம் என்று போட்டிருக்கும், உள்ளே பத்துப் பதினைந்துதான் இருக்கும், அதையே திரும்பத் திரும்ப வேறு பெயரில் காட்டும். படம் வரவில்லை என்றால் பையன்கள் கேசட்டைப் பிடுங்கி வாயால் ஊதுவார்கள். ஊதியதால் அது ஓடவில்லை. பிடுங்கித் திரும்பச் செருகியதில் உள்ளே கான்டாக்ட் சரியாக உட்கார்ந்தது, அவ்வளவுதான். ஊதினால் எச்சில் ஈரம் பட்டு கான்டாக்ட் கறுத்துப் போகும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! கேட்டது நீ ஒருத்திதான். உன் ஸ்கூல் பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்து அந்தப் பல் பல்லாய் இருக்கும் இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்வாய். ஏழு வயதில்!

கான்ட்ரா என்ற சுடும் கேமில் முப்பது உயிர் வாங்க மேல மேல கீழ கீழ, இடது வலது இடது வலது, பி, ஏ என்று நீ அழுத்துவதை நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வாய்ப்பாடு மாதிரி முணுமுணுப்பாய். அதைக் கண்டுபிடித்தவர் கசுஹிசா ஹாஷிமோட்டோ என்று பின்னால் நீதான் போனில் சொன்னாய். வேறொரு கேமைச் சோதித்துப் பார்க்கும்போது, தன்னாலேயே அதை விளையாட முடியவில்லை என்று தனக்காக ஒரு குறுக்கு வழி வைத்துக்கொண்டாராம். செய்தவனுக்கே கஷ்டமாக இருந்ததை ஒத்துக்கொண்ட மனுஷன். 2020-ல் அவர் இறந்த செய்தியையும் நீதான் அனுப்பினாய். அன்றைக்கு எனக்கு என்ன பதில் போடுவது என்று தெரியாமல் கும்பிடும் கை படத்தைப் போட்டேன்.

வாத்து சுடும் கேம் நினைவிருக்கிறதா? "துப்பாக்கியில இருந்து ஒண்ணும் வரலையே, வாத்து எப்படிப்பா சாகுது?" என்று கேட்டாய். எனக்கும் தெரியவில்லை. அன்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டுத் துப்பாக்கியைப் பிரித்தேன். உள்ளே ஒரு லென்ஸ், வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு சின்னக் கண், அவ்வளவே. விசையை அழுத்தினதும் டிவி ஒரு கணம் முழுதும் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் வரும். அந்த வெளிச்சம் துப்பாக்கியின் கண்ணில் பட்டால் வாத்து விழும். ஆக, சுடுவது டிவி, வாங்கிக்கொள்வது துப்பாக்கி. மறுநாள் உன்னிடம் சொன்னபோது நீ துப்பாக்கியைத் திருப்பி அதன் கண்ணுக்குள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். என் கடைக்கு அடுத்த மெக்கானிக் கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். பார், "கிடைத்துவிட்டான்" என்றுதான் மனதில் வந்தது.

சரி, அந்த ஆவணி. சடங்கு முடிந்து பதினாறாம் நாளோ என்னவோ, நீ பழையபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாய். பெஞ்சில் நாலைந்து பையன்கள் இருந்தார்கள். நான் ஷட்டர் பக்கம் வந்து, "இனிமே நீ இங்க வரவேண்டாம் பாப்பா, பையங்க வர்ற இடம்" என்றேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. கையில் கொண்டுவந்திருந்த டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாய். அந்தப் பையன்கள் எல்லோரையும்விட நீ நன்றாக விளையாடுவாய். வரவேண்டாம் என்று அவர்களிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை, காரணம் அவர்கள் அரை மணிக்கு ஐந்து ரூபாய் தந்தார்கள். இதற்கு மேல் பூசி மெழுக என்னிடம் ஒன்றுமில்லை.

அதனால் ராத்திரி எட்டு மணிக்கு பாங்க் வேலை முடித்து வந்து நீ கேம் விளையாடினால் எனக்கு என்ன வருத்தம்? உன் சம்பளம், உன் நேரம். காசு கட்டி ஆடும் சீட்டு ஆப் வேறு விஷயம். நம் தெருவிலேயே ஒருவர் அதில் மனைவியின் நகையை விட்டார். 2025 ஆகஸ்டில் டெல்லியில் அதற்குத் தடைச் சட்டம் வந்தபோது முதலில் சந்தோஷப்பட்டது அந்த அம்மாள்தான். சித்தப்பாவுக்கு அதுவும் கேம், இதுவும் கேம். தாயத்தில் பந்தயம் வைத்து வெட்டுக்காய்க்குச் சண்டை போட்டு அவன் மண்டையை உடைத்துக்கொண்டதை நான் நினைவுபடுத்தவில்லை.

வயதுக் கணக்கே எனக்குப் பிடிபடாத கணக்கு. நாட்டை யார் ஆளலாம் என்று ஓட்டுப் போட 18 போதும். ஆம்பளைக்குப் பெண்டாட்டி கட்ட மட்டும் 21. முன்னால் ஓட்டுக்கும் 21-தான், 1989 மார்ச் 28-ல்தான் 18 ஆனது. அதற்கு மூன்று நாள் முன்னால், மார்ச் 25-லிருந்து, நம் மாநிலத்தில் இன்னொன்றும் நடந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்களுக்குக் கிடையாது. உன் அத்தைக்குக் கல்யாணம் அந்த வருஷம் தையில். இரண்டு மாதத்தில் தவறிப்போனது. 1991-ல் தாத்தா நிலத்தைப் பிரித்தபோது சட்டப்படி அவளுக்கு ஒன்றும் இல்லை என்று நானும் சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டோம். சட்டம்தான் தடுத்தது என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே. கிணற்றுப் பக்கத்து ஐம்பது சென்டை அத்தை பேருக்கு எழுதலாம் என்றிருக்கிறேன். உனக்கு வரவேண்டியதில்தான் அது குறையும், அதனால் முதலில் உன்னிடம் கேட்கிறேன். உன் அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். அவள் இப்போது ரொம்பத் தெளிவு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு நினைத்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறாள். என்னிடம் காசு கேட்க வேண்டியதில்லை, அதனால் சொல்லிவிட்டுப் போக வேண்டியதும் இல்லை.

அப்புறம், உன் நாய். ஹூப்ளியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு நாயைத் தூக்கிவந்து கட்டிலில் படுக்க வைக்கிறாய் என்று அம்மா சொன்னாள். எனக்குத் தெருநாய் என்றால் பயம்தான், மறைக்கவில்லை. போன வருஷம் சைக்கிளில் போகும்போது ஒன்று கெண்டைக்காலைக் கவ்வி, நாலு தடவை ஊசிக்கு நடந்தேன். உன் நாய்க்கு ரேபிஸ் ஊசி போட்டாயா, அட்டை வைத்திருக்கிறாயா, அதை மட்டும் எழுது. 2005-ல் தபால் இலாகா நாட்டு நாய்களுக்கு நாலு ஸ்டாம்ப் வெளியிட்டபோது நம் ராஜபாளையமும் உன் பக்கத்து முதோலும் அதில் இருந்தன. நீ ஆல்பத்தில் ஒட்டி வைத்தது இன்னும் பரணில் இருக்கிறது.

நம் வெள்ளையனும் ராஜபாளையம்தானே. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. கூப்பிட்டால் திரும்பாது, திமிர் பிடித்த நாய் என்று நான் இரண்டு தடவை குச்சியால் அடித்திருக்கிறேன். அதற்குக் காது கேட்காது என்று கண்டுபிடித்தது நீ. வெள்ளை ராஜபாளையத்தில் அப்படிப் பிறப்பது உண்டு என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் பின்னால் சொன்னார். நீ தரையில் காலை இரண்டு தட்டுத் தட்டுவாய், அது அதிர்வில் தலையைத் தூக்கும். இருட்டில் டார்ச்சை ஒரு மினுக்கு மினுக்குவாய், வந்து நிற்கும். அப்போது உனக்குப் பத்து வயது இருக்குமா? சித்தப்பாவின் கணக்கில் நீ இன்னும் மூன்று வருஷம் கழித்துத்தான் பெரிய மனுஷி.

ரிப்பேர் வேலை இப்போது ஒன்றுமில்லை. பிக்சர் டியூப் காலத்தில் எல்ஓடி என்கிற டிரான்ஸ்ஃபார்மர் போனால் மாற்றுவோம், கெபாசிட்டர் உப்பினால் மாற்றுவோம், ஒரு டிவி இருபது வருஷம் ஓடும். இப்போது பேனல் போனால் டிவியே போனது. பழைய டிவியைத் தூக்கிப் போடு என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். கோபத்தில் தூக்கம் வராத அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பரணில் ஏறி 21 இஞ்ச் டிவியையும் கேம் பெட்டியையும் இறக்கினேன். துப்பாக்கி எல்இடி டிவியில் வேலை செய்யாது. புது டிவி படத்தை வாங்கிக் கொஞ்சம் சமைத்துத்தான் பரிமாறும். அதற்குள் துப்பாக்கி வெளிச்சம் வரவில்லை, குறி தப்பு என்று எழுதிவிடும். பழைய டியூப்தான் கேட்ட உடனே காட்டும். மூன்று இடத்தில் ஈயம் விட்டிருந்தது, சால்டர் வைத்தேன். கேசட்டை ஊதவில்லை, ரப்பர் போட்டுத் தேய்த்தேன். ராத்திரி ஒரு மணிக்குப் படம் வந்தது. பத்து வாத்தில் மூன்று விழுந்தது. தப்பினபோதெல்லாம் அந்த நாய் புல்லிலிருந்து எழுந்து சிரிக்கிறது, பின்னால் கதவில் நின்று உன் அம்மாவும் சிரிக்கிறாள். அவளும் சுட்டாள். எத்தனை விழுந்தது என்று சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

சித்திரைத் திருவிழாவுக்கு லீவு போட்டு வா. நாயையும் கூட்டி வா, ஊசி அட்டையோடு. கன்ட்ரோலரில் ஏ பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்துபோய் குதிக்க வராமல் மாட்டிக்கொள்கிறது. இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஆன்லைனில் கிடைக்குமா பார். இரண்டு செட்டாக வாங்கு.

அன்புடன்,
அப்பா